ஹேமாவதி அக்காவின் மீட்டர் அட்டை

எங்கள் பக்கம் கார் ஓட்டுகிறவர்கள் யாரும் மீட்டரைப் பார்த்து ஓட்டுவதில்லையாம். இதை நான் சொல்லவில்லை. உத்தமபாளையம் முதல் தேனி வரைக்கும் உள்ள மெக்கானிக்குகள் அத்தனை பேரும் என் அக்காவிடம் சொன்னது. "மீட்டர் எதுக்குக்கா? எஞ்சின் சத்தத்த வச்சே ஓட்டிறலாம்ல." ஒருத்தன் சொன்னால் போகட்டும் என்று விடலாம். போகிற கடையில் எல்லாம் இதே பாட்டைப் பாடினால் மனுசனுக்குப் பற்றிக்கொண்டு வராதா? என் அக்காவுக்குக் காது கேட்காது. அதை வெளியே சொல்லவும் முடியாது. சத்தத்தை வைத்து ஓட்டச் சொன்ன ஒவ்வொருத்தரிடமும் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, தெருவில் நின்று நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டோம்.

அக்காவின் பெயர் ஹேமாவதி. பண்ணைப்புரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் அவள் தோட்டம். கத்தரி, புடலை, கொத்தவரை, வரப்பெல்லாம் முருங்கை. அத்தான் நல்லகண்ணு நெஞ்சுவலியில் போனபோது அவளுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. கருமாதிக்கு வந்த சனம், தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஊருக்குள் வந்து இரு என்றது. அவள் போடிக்குப் போய் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, லோடு வண்டிக்காரனுக்குக் காத்துக் கிடந்தே என் காயெல்லாம் வாடுகிறது என்றாள். பிறகு வண்டிப்பெரியாறு பக்கம் ஓர் எஸ்டேட் முதலாளி, பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகாமல் தள்ளிவிட்ட கான்டெஸா காரை வாங்கிவந்தாள். வெள்ளை வண்டி. எங்கள் தெருவில் திருப்ப முடியாத நீளம். ஆனால் அந்த டிக்கியில் மூட்டை மூட்டையாகக் காய் போகும். தேனி உழவர் சந்தையில் காரில் வந்து இறங்கி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தராசு பிடிக்கிற ஒரே பொம்பளை அவள்தான்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சுரேஷ்கண்ணன், அவளுக்கு நேர் இளையவன், கோம்பையில் உரக்கடை. டி.வி.எஸ். ஃபிப்டியைத் தவிர வேறு எதையும் ஓட்டத் தெரியாது. அக்காவுக்கு வாய் அதிகம், எனக்குக் கோபம் அதிகம். அதனால் நாங்கள் நல்ல ஒற்றுமை.

காது ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் பம்புசெட் மோட்டார் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று என்னைப் பார்க்கச் சொன்னாள். அப்புறம் போன். அப்புறம் எதிரே நிற்கிற ஆள். மதுரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். நரம்பு என்றார்கள், திரும்பாது என்றார்கள், ஒரு மிஷின் கொடுத்தார்கள். வீட்டுக்குள் அது பரவாயில்லை. காரில் ஏறி ஜன்னல் காற்று பட்டால் காதுக்குள் விசில் அடிக்கிறது என்று கழற்றி எறிந்துவிட்டாள். இப்போது அது மிளகாய் வற்றல் டப்பாவுக்குப் பின்னால் கிடக்கிறது. மற்றபடி வாயசைவைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுகிறவர்களுக்கு அவள் பதில் சொல்வதில்லை. ஹேமாவதிக்குக் கார் வந்ததிலிருந்து திமிர் என்று ஊர் பேசியது. நான் வருத்தப்பட்டால் அவள் சிரிப்பாள். செவிடு என்பதற்குத் திமிர் எவ்வளவோ மேல் என்பது அவள் கணக்கு.

மறைத்ததற்குக் காரணம் அவள் மகன் பாண்டியராஜன். கோயம்புத்தூரில் வேலை, மூன்றாவது மாடியில் வீடு. நல்ல பையன்தான். நல்ல பையன் என்பதுதான் தொந்தரவு. அம்மா தனியாகத் தோட்டத்தில் கிடக்கிறாள் என்று அவனுக்கு உறக்கம் வராது. இனி ஒரு தடவை வண்டி நடுரோட்டில் நின்றது என்று கேள்விப்பட்டால், வண்டியை விற்றுவிட்டு உன்னைக் கையோடு கூட்டிப் போய்விடுவேன் என்று பொங்கலுக்கு வந்தபோது சொல்லிவிட்டுப் போனான். காதும் இல்லை என்று தெரிந்தால் அன்றைக்கே கிளம்பி வந்துவிடுவான். வண்டி இல்லாவிட்டால் சந்தை இல்லை. சந்தை இல்லாவிட்டால் தோட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவளை அந்த மூன்றாவது மாடியில் என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. ஆகவே அவன் போன் பண்ணும்போதெல்லாம் நான்தான் எடுத்து, அக்கா தண்ணி பாய்ச்சிக்கிட்டு இருக்கு என்பேன். அந்தத் தோட்டத்துக்கு அவ்வளவு தண்ணீர் பெரியாறு அணையிலேயே கிடையாது.

ஊருக்கு மறைத்தாலும், வண்டியை விடு என்று நான் அவளோடு தனியாகச் சண்டை போட்டுத்தான் பார்த்தேன், அவள் விடவில்லை. காது இல்லாமல் எப்படி ஓட்டினாள் என்றால், மீட்டரை வைத்துத்தான். கான்டெஸாவில் ஸ்டீயரிங்குக்கு முன்னால் ஒரு பெட்டி. அதற்குள் வேகம், பெட்ரோல், சூடு என்று முள்கள். நடுவில் குட்டிக் குட்டி விளக்குகள். சாவியைத் திருப்பினால் இரண்டு சிவப்பு விளக்கு எரியும், ஒன்று ஆயிலுக்கு, ஒன்று பேட்டரிக்கு. எஞ்சின் பிடித்துக்கொண்டதும் இரண்டும் அணைந்துவிடும். நமக்கு எஞ்சின் ஓடுவது காதில் கேட்கும், அவளுக்கு அந்தச் சிவப்பு அணைவதுதான் சேதி. இண்டிகேட்டர் போட்டால் நமக்கு டிக் டிக் என்று கேட்கும், அவளுக்குப் பச்சை சிமிட்ட வேண்டும். ரேடியேட்டர் கொதித்தால் நமக்குச் சீறல் கேட்கும், அவளுக்கு முள் சிவப்புக்கோட்டைத் தொட வேண்டும். இந்த முள்ளுக்கும் விளக்குக்கும் எல்லாம் உயிர் கொடுப்பது, அந்தப் பெட்டியின் முதுகில் ஒட்டியிருக்கிற ஓர் அட்டை. மெல்லிசு அட்டைமேல் செம்புக்கோடாக இழுத்திருப்பார்கள். வயரிங்காரர்கள் மீட்டர் அட்டை என்பார்கள்.

அந்த அட்டைதான் அந்த வருசம் காலை வாரிவிட்டது. 2005, சித்திரை வெயில். செம்புக்கோடு அங்கங்கே உரிந்து கருகிப்போயிருந்தது. இண்டிகேட்டர் போட்டால் பெட்ரோல் முள் துள்ளியது. பிரேக்கை மிதித்தால் ஹெட்லைட்டின் நீல விளக்கு எரிந்தது. சூட்டு முள் படுத்தே கிடந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருப்பது தெரியாமல் அக்கா மறுபடியும் சாவியைத் திருப்ப, உள்ளே பல்சக்கரம் கரகரவென்று அரைபட்டு, வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தில் அத்தனை பேரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று. அக்கா மட்டும், ஏன் எல்லாரும் நம்மளையே பாக்குறாக என்று கேட்டாள்.

உத்தமபாளையம் பைபாஸில் செல்லப்பாண்டி என்று ஓர் ஆட்டோ எலக்ட்ரீசியன். கெட்டவன் இல்லை, மரியாதை தெரிந்தவன். ஆனால் அவனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. எந்தக் கோடு கருகினாலும் ஒரு வயரை எடுத்து இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் இழுத்துக் கட்டுவான். டைரக்ட் குடுத்துட்டேன்க்கா என்பான். சூட்டு முள்ளுக்கு டைரக்ட். பச்சை விளக்குக்கு டைரக்ட். கொஞ்ச நாளில் மீட்டருக்குப் பின்னால் இடியாப்பம் பிழிந்து வைத்தது போல ஆகிவிட்டது. ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று போகும். வேண்டாம்டா, புது அட்டை மாட்டு என்றால், இந்த வண்டியே கம்பெனியில் நின்னுபோச்சு, அட்டைக்கு எங்கன போக என்பான். கடைசியில் அவனும் அந்தப் பாட்டைப் பாடினான். சத்தத்த வச்சு ஓட்டுங்கக்கா, இந்தப் பக்கம் யாரு மீட்டரப் பாக்குறா?

அன்று திரும்பி வரும்போது வண்டி கொதித்தது. எனக்கு முதலில் வாடை வந்தது, பிறகு சீறல். நான் பானட்டைக் காட்டிக் கையை ஆட்டுவதற்குள் மூடி பிதுங்கி ஆவி கண்ணாடியை மறைத்தது. அக்கா வண்டியை ஓரம்கட்டி, இறங்கி, புளியமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் வாய்க்காலுக்கு நடந்து குடத்தில் தண்ணீர் மொண்டு வந்தேன். எப்பருந்துடா சீறுச்சு என்று கேட்டாள். இப்பத்தேன் என்றேன். அவள் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். நான் பொய் சொன்னால் என் மூக்கு புடைக்குமாம், சின்ன வயசிலிருந்தே சொல்லுவாள். அந்த வாரமே அட்டை தேடிக் கிளம்பினோம்.

தேடியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. தேனியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஒன்று விடவில்லை. கான்டெஸாவா, அது இன்னும் ஓடுதா என்று சிரித்தார்கள். ஒருத்தர் அம்பாசிடர் அட்டையைக் கொடுத்து, ஓரத்தைக் கத்தரித்து மாட்டிக்கொள்ளச் சொன்னார். சட்டைத்துணியா அது, வெட்டி ஒட்ட? மதுரைக்குப் போனோம். பழைய சாமான் கடைகள் இருக்கிற தெரு முழுக்க வெயிலில் அலைந்தோம். ஒரு கடைக்காரர் உள்ளே போய் ரொம்ப நேரம் தேடி, ஒரு முழு மீட்டர் பெட்டியையே தூக்கிவந்தார். எனக்கு அப்படி ஒரு சந்தோசம். திருப்பிப் பார்த்தால் முதுகில் அட்டை இல்லை. அதை எலி தின்றுவிட்டது என்றார். செம்பைத் தின்கிற எலி மதுரையில்தான் உண்டு.

இந்த அலைச்சலில் எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. கடைக்காரர் எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசுவார். அக்காவுக்குப் புரியாது. நான் அவள் பக்கம் திரும்பி, அவர் சொன்னதையே கேள்வியாக மாற்றிக் கேட்பேன். "ஸ்டாக் இல்லங்குறீகளா?" "மதுரையில விசாரிக்கச் சொல்றீகளா?" அவள் என் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டு கடைக்காரருக்குப் பதில் சொல்லுவாள். நன்றாகத்தான் ஓடியது. என்ன, எல்லாக் கடையிலும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். சொன்னதையே திருப்பிச் சொல்கிற கிறுக்கன் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

கடைசியில் சந்தையில் ஏலக்காய் வியாபாரி ஒருவர், கட்டப்பனையில் ஒரு பங்களா ஓரத்தில் கான்டெஸா ஒன்று மழையில் நனைந்துகொண்டு கிடக்கிறது என்று சொன்னார். மீட்டர் செத்த வண்டியை மலையில் ஏற்ற நான் விடவில்லை. கம்பம்மெட்டு வழியாக பஸ்ஸில் போனோம். கண்டக்டர் டிக்கெட் கேட்டு இரண்டு தடவை கூப்பிட்டும் அக்கா திரும்பவில்லை. பின் சீட்டில் ஒருத்தி, பெரிய மகாராணி என்று முனங்கியது எனக்குக் கேட்டது. அக்கா ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான்தான் அந்தப் பேச்சைத் தூக்கிச் சுமந்துகொண்டு கட்டப்பனை போய்ச் சேர்ந்தேன்.

அந்த பங்களாவுக்குக் காவல் வீரணன் என்று ஒருவர். நம் பக்கத்துக்காரர்தான், போய் வருசக்கணக்காகி, பாதி மலையாளம் பேசினார். வண்டியைக் காட்டினார். கண்ணாடி இல்லை, சக்கரம் இல்லை. கோழிகள் குடியிருந்தன. ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒரு பெட்டை அடைகாத்துக்கொண்டிருந்தது. மீட்டரைக் கழற்ற வேண்டுமானால் அது எழுந்திருக்க வேண்டும். குஞ்சு பொரிக்கட்டும், அடுத்த வாரம் வாங்கள் என்றார் வீரணன். அடுத்த வாரமா என்று எனக்குத் தலை சுற்றியது. அக்கா முந்தானையை இழுத்துச் செருகினாள். முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் வைக்கோல் போட்டு அடுக்கி, கோழியையும் தூக்கி அதன்மேல் வைத்தாள். அது அவள் கையைக் கொத்திக் குதறிவிட்டது. அந்தக் கையோடேயே ஸ்குரூ டிரைவரை வாங்கி மீட்டரைக் கழற்றினாள். பின்னால் அட்டை முழுசாக இருந்தது. கோடு ஒன்றுகூட உரியவில்லை. வாழை இலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினோம். அக்கா அன்று பஸ்ஸில் சிரித்தபடியே வந்தாள். அவள் சிரித்துப் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

மறுநாள் செல்லப்பாண்டி கடையில் வண்டியை விட்டோம். இடியாப்பத்தை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, கட்டப்பனை அட்டையை மாட்ட வேண்டும் என்று அக்கா கண்டிப்பாகச் சொன்னாள். பாதி வேலையில் செல்லப்பாண்டி, சூட்டு முள்ளுக்கு மட்டும் பழைய டைரக்டை விட்டுவிடலாமே என்று தலையைச் சொறிந்தான். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து டயர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். காலையில் ஆரம்பித்தது, மத்தியானச் சோறு தாண்டிவிட்டது. ஒருவழியாக முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். முள்ளெல்லாம் நிமிர்ந்து நின்றது. இண்டிகேட்டர் போட்டால் பச்சை மட்டும் சிமிட்டியது. பெட்ரோல் முள் துள்ளவில்லை. நான் சந்தோசத்தில் எல்லாருக்கும் டீ சொன்னேன்.

அக்கா உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். திருப்பினவள் அப்படியே இருந்தாள். மறுபடி அணைத்துவிட்டுத் திருப்பினாள். செவப்பு எங்கடா என்றாள். இரண்டு சிவப்பு விளக்கும் எரியவில்லை. நான் செல்லப்பாண்டியைக் கேட்டேன். அவன் டீயை உறிஞ்சிக்கொண்டே சிரித்தான்.

"அதுவாண்ணே? சாவியப் போட்டதும் செவப்பு எரிஞ்சா பொம்பளையாளுக பயந்துக்கிருவாகன்னு நான்தேன் ரெண்டு பல்பையும் கழட்டிட்டேன். எல்லா வண்டிக்கும் அப்பிடித்தேன் செய்றது. அக்கா நிம்மதியா ஓட்டட்டும்."

அவன் முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னான். நான் வழக்கம்போல அக்கா பக்கம் திரும்பி, பல்பைக் கழற்றிவிட்டாயா, பொம்பளைகள் பயப்படுவார்கள் என்றா என்று கேள்வியாகக் கேட்டேன். அக்கா காரை விட்டு இறங்கினாள். எத்தனை கடை, எத்தனை வெயில், கோழி கொத்தின கை, எல்லாம் அவள் முகத்தில் வந்து நின்றது. நான் அவள் கையைப் பிடித்தேன், வேண்டாம் என்று. உதறிவிட்டாள்.

"எனக்குக் காது கேக்காதுடா. அந்தச் செவப்பு லைட்டுதேன்டா எனக்குக் காது. அதப் புடுங்கிப் போட்டுட்டு நிம்மதியா ஓட்டுங்குற?"

டயர்க்கடைக்காரர், டீ கொண்டுவந்தவர், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். தன் சத்தம் எவ்வளவு பெரிது என்று அவளுக்குத் தெரியாதே. செல்லப்பாண்டி டம்ளரைக் கீழே வைத்தான். சோப்பு டப்பா மூடியில் போட்டு வைத்திருந்த இரண்டு பல்பையும் எடுத்து, மீட்டரை மறுபடி இறக்கி, மாட்டினான். அக்கா சாவியைத் திருப்பினாள். இரண்டு சிவப்பும் எரிந்தன. எஞ்சின் பிடித்ததும் அணைந்தன. அவள் மூச்சு விட்டாள்.

அதற்குப் பிறகுதான் கொடுமை. செல்லப்பாண்டி அக்காவின் முகத்துக்கு நேரே வந்து, வாயைப் பெரிதாகத் திறந்து, போயிட்டு வாங்கக்கா என்று கத்தினான். கையை வேறு ஆட்டிக் காட்டினான், சின்னப் பிள்ளைக்குக் காட்டுகிற மாதிரி. டயர்க்கடைக்காரரும், பாத்துப் போங்கம்மா என்று கத்தினார். காலை வரைக்கும் அவளிடம் பயந்து பயந்து பேசினவர்கள். அக்கா சிரித்துத் தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தாள். ரோட்டுக்கு வந்ததும், இதுக்குத்தேன்டா நான் சொல்லல என்றாள். எங்களுக்கு முன்னாலேயே சேதி பண்ணைப்புரம் போயிருக்கும், அங்கிருந்து கோயம்புத்தூருக்கு. எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. இத்தனை நாள் கட்டிக் காத்ததை இப்படி நடுத்தெருவில் போட்டு உடைத்துவிட்டாளே என்று. பேசக்கூடப் பிடிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கோம்பை தாண்டியதும் பின்னால் ஹாரன் கேட்டது. ஆட்டோ. சந்தையில் மிஞ்சின சாக்குகள் பின் சீட்டில் குவிந்து கிடந்ததால் உள்கண்ணாடியில் ஒன்றும் தெரியாது, பக்கக் கண்ணாடி அந்த வண்டிக்குக் கிடையாது. ரோடு சின்னது, இரண்டு பக்கமும் பள்ளம், அக்கா நடுவில் போய்க்கொண்டிருந்தாள். நான் அவள் தோளைத் தட்டிப் பின்னால் கையைக் காட்டினேன். கையைப் பார்க்காமல், நான் மீட்டரைப் பார்க்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள். சும்மா இருடா, எல்லாம் நல்லாத்தேன் எரியுது என்றாள். அவள் கண் அந்த முள்ளையும் விளக்கையும் விட்டு நகரவில்லை. ஹாரன் நிற்கவே இல்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கிறவளின் கையை இழுக்கவும் பயம். மறுபடியும் தட்டினேன். மறுபடியும் உதறினாள். கடைசியில் அவள் முகத்துக்கு முன்னால் கையை நீட்டி மறைத்தேன். பதறிப்போய் ஓரம் ஒதுக்கி நிறுத்தினாள்.

ஆட்டோ எங்களை உரசிக்கொண்டு போனது. போடி ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோ. உள்ளே ஒரு பெண், மடியில் ஒரு பெரியவர் சாய்ந்து கிடந்தார், வாய் பிளந்திருந்தது. அந்தப் பெண் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. பார்த்தாள், அவ்வளவுதான்.

அக்கா எஞ்சினை நிறுத்தவில்லை. வண்டி நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"எம்புட்டு நேரமாடா ஹாரன் அடிச்சான்?"

இப்பத்தேன் என்று சொல்ல வாய் எடுத்தேன். என் மூக்கை நானே தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கோம்பை தாண்டுனதுலருந்து என்றேன்.

அவள் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சூட்டு முள் நடுவில் நின்றது. பெட்ரோல் அரைக்கு மேல். பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. ஒரு குறை சொல்ல முடியாது.

"இதுக்கு ஒரு லைட்டு இல்லயேடா," என்றாள்.

பிறகு சாவியை அணைத்து உருவி என் பக்கம் நீட்டினாள். இந்தா என்றாள். இரண்டு வருசமாக நான் இந்த வார்த்தைக்காகத்தான் சண்டை போட்டேன். வண்டியை விடு, விடு என்று எத்தனை நாள் கத்தியிருப்பேன். வந்து கையில் விழுந்தபோது எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். எதன் மேல் என்று தெரியவில்லை. அந்த ஆட்டோ மேல், செல்லப்பாண்டி மேல், கட்டப்பனைக் கோழி மேல். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, எனக்கு டி.வி.எஸ். தவிர என்ன தெரியும் என்று எரிந்து விழுந்தேன்.

"அப்ப என்னையக் கோயமுத்தூருக்குப் போகச் சொல்றியா?"

என் செல்போன் அடித்தது. பார்த்தேன், பாண்டியராஜன். சேதி இவ்வளவு வெரசாகப் போயிருக்கிறது. அக்காவும் பெயரைப் பார்த்துவிட்டாள். அது அடித்து அடித்து ஓயும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் போய்விட்டால் அந்தத் தோட்டத்துக்கு நான் எதற்குப் போவேன், யாரோடு சண்டை போடுவேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. போக வேண்டாம்க்கா என்றேன். குரல் சரியாக வரவில்லை. அவளுக்குக் குரலா முக்கியம், வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

"அப்ப எறங்கி இந்தப் பக்கம் வா."

நான் மாட்டேன் என்றேன். நாற்பத்தெட்டு வயசில் கார் ஓட்டப் படித்து ஊர் சிரிக்கவா என்றேன். அவள் அதற்குள் இறங்கிச் சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்து, முழங்கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். க்ளச் எது, பிரேக் எது என்று இடது சீட்டிலிருந்து குனிந்து காட்டினாள். நான் சாவியைத் திருப்பினேன். இரண்டு சிவப்பும் எரிந்து அணைந்தன. கியரைப் போட்டபோது கொல்லன் பட்டறை மாதிரி ஒரு சத்தம் வந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவளுக்கு அது ஒன்றும் இல்லை, நிம்மதியாக இருந்தாள். வண்டி எகிறிக் குதித்து நின்றது. மறுபடியும் போட்டேன், மறுபடியும் நின்றது. ஏலே, மாட்டு வண்டியாடா ஓட்டுற என்று திட்டினாள். கண்டபடி திட்டிக்கொண்டே வந்தாள். நானும் திட்டினேன், ரோட்டைப் பார்த்துக்கொண்டு திட்டினதால் அவளுக்குத் தெரியாது.

ஒருவழியாக வண்டி உருண்டு ஓட ஆரம்பித்தது. அக்கா பக்கத்திலிருந்து கழுத்தை எக்கி மீட்டரைப் பார்த்தபடியே வந்தாள். சூடு சரியாயிருக்கு, செவப்பு இல்லை என்று அவ்வப்போது சொன்னாள்.

"எஞ்சின் சத்தம் எப்பிடிடா இருக்கு?"

நல்லாத்தேன் இருக்கு என்றேன், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. அவளுக்கு அது போய்ச் சேரவில்லை. மறுபடியும் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன்.

"தலைய ஆட்டுனா? காது இருக்குல்ல, ஒழுங்காக் கேட்டுச் சொல்லுடா. நான் கேட்டு எம்புட்டு நாளாச்சு."

அந்த வண்டியின் சத்தத்தை அதுவரை நான் ஒரு நாளும் உட்கார்ந்து கேட்டதில்லை. அப்போதுதான் கேட்டேன். கேட்டதை ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொல்லிப் பிரயோசனம் இல்லை. பண்ணைப்புரம் விலக்குக்கு முன்னால் வண்டியை ஓரம்கட்டினேன், அணைக்கவில்லை. முகத்தை அவள் பக்கம் திருப்பினேன். கத்தாமல், வாயை அகலத் திறக்காமல், எப்போதும் பேசுகிற மாதிரியே சொன்னேன். எஞ்சின் ஒரே சீராக ஓடுகிறது, பானை அடுப்பில் நிதானமாகக் கொதிக்கிற மாதிரி. ஃபேன் பெல்ட் மட்டும் லேசாகக் கீச்சிடுகிறது. டிக்கியில் தராசுத் தட்டு ஆடிக் கிணுங்குகிறது. செல்போன் மறுபடியும் அடிக்கிறது, எடுத்து உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், வண்டியை இனி நான் ஓட்டுகிறேன் என்றும் சொல்கிறேன். அவள் என் வாயை விட்டுக் கண்ணை எடுக்காமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

பின்னால யாரும் ஹாரன் அடிக்கலக்கா என்று கடைசியாகச் சொன்னேன்.